பெரியவர்களின் குடியும் மாத்திரையும்: வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒரு பெரியவர் அடிக்கடி தடுக்கி விழுகிறார், சொன்னதையே திரும்பச் சொல்கிறார், பகலில் தூங்கி வழிகிறார் என்றால் நம் வாயில் முதலில் வருவது "வயசாயிடுச்சு" என்பதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இரவில் ஒரு பெக், அதற்கு மேல் ஒரு தூக்க மாத்திரை என்று போகிற உடம்பிலும் இதே அறிகுறிகள்தான் வரும். டாக்டரிடம் போனாலும் இது வெளியே வராமல் போவதுண்டு. கேட்க அவருக்குக் கூச்சம், சொல்ல இவருக்குக் கூச்சம்.

மகன், மகள், மருமகள், கணவன், மனைவி, கூட இருந்து பார்த்துக்கொள்பவர் என்று யாராக இருந்தாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். குடியையும் மாத்திரையையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அதுவரை எதையும் பிடுங்கக் கூடாது. பாட்டிலை ஒளித்துவைப்பதும் மாத்திரையைக் குப்பையில் போடுவதும் சில உடம்புகளில் உயிருக்கே ஆபத்தாக முடியும். அது எப்படி என்பது ஏழாவது படியில் வருகிறது.

முதல் படி: வயதான உடம்பின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

"முப்பது வருஷமா இதே ரெண்டு பெக்தான், ஒண்ணும் ஆகல" என்று பெரியவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அளவு மாறவில்லை, உடம்பு மாறிவிட்டது. வயதாக ஆக உடம்பில் நீர் குறைகிறது, கொழுப்பின் பங்கு கூடுகிறது. மது நீரில்தான் கலக்கும். ஒரு சொம்புத் தண்ணீருக்குப் போடும் உப்பை அரைச் சொம்பில் போட்டது போல, அதே இரண்டு பெக் இப்போது ரத்தத்தில் அதிகச் செறிவாக நிற்கிறது. கல்லீரலும் சிறுநீரகமும் மெதுவாக வேலை செய்வதால் வெளியேறவும் நேரம் எடுக்கிறது.

மாத்திரைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயஸிபாம் கொழுப்பில் தங்கும் மருந்து. 20 வயது உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். 80 வயதில் அதற்கு 80 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். தினமும் ஒன்று போட்டால் நேற்றையதும் முந்தாநாளையதும் உள்ளே இருக்கும்போதே இன்றையது சேர்கிறது. காலை பத்து மணிக்கு அவர் ஏன் தள்ளாடுகிறார் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இரண்டாவது படி: யாருடைய பிரச்சினை எந்த வகை என்று பாருங்கள்

இளமையிலிருந்தே அதிகம் குடித்து அப்படியே முதுமைக்கு வந்தவர்கள் ஒரு வகை. அறுபதுக்குப் பிறகு தொடங்கியவர்கள் அல்லது அளவு கூடியவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஒரு நிகழ்வு இருக்கும்: துணை இறந்தது, வேலை ஓய்வு, பிள்ளைகள் தூரம் போனது, தீராத மூட்டுவலி. இவர்கள் மீள்வது ஒப்பீட்டளவில் சுலபம், காரணத்தைத் தொட்டால் பழக்கமும் ஆடும். முதல் வகைக்கு உடம்பில் ஏற்கெனவே சேதம் இருக்கும், மருத்துவ உதவியும் கூடுதலாகத் தேவைப்படும்.

மூன்றாவது வகையை நாம் கவனிப்பதே இல்லை. இவர்கள் குடிப்பதில்லை, எதற்கும் அடிமையும் இல்லை. மாத்திரை போட்டோமா என்று மறந்து இரண்டாவது முறை போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் தந்த வலி மாத்திரையை வாங்கிப் போடுவார்கள். மூன்று டாக்டர்களிடம் மூன்று சீட்டு வாங்கி மூன்றையும் தொடர்வார்கள். இதுவும் தவறான பயன்பாடுதான், ஆனால் இங்கே தேவை ஒழுங்கு. கண்டிப்பு எதற்கும் உதவாது.

அடையாளங்களைப் பொறுத்தவரை தனியாக ஒன்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம். காரணம் தெரியாத காயத்தழும்பு, திடீரென்று கட்டுக்குள் வராத பிரஷர், தூக்கக் கலக்கம், பசியின்மை, குளிக்காமல் இருப்பது, மாலை ஆறு மணிக்கு மேல் போனை எடுக்காதது, மாத்திரை அட்டை கணக்குக்கு முன்பே தீர்வது என்று இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். பெண்கள் விஷயத்தில் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். பாட்டி குடிப்பார் என்றோ அம்மா தூக்க மாத்திரையை இரண்டாகப் போடுவார் என்றோ யாரும் நினைப்பதில்லை. அந்த நினைக்காமையே அவர்களுக்கு மறைவிடமாகிவிடுகிறது.

மூன்றாவது படி: எல்லா மாத்திரையையும் மேஜையில் கொட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மருத்துவர்கள் பல நாடுகளில் நோயாளிகளிடம் "வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்" என்று கேட்பார்கள். அந்தப் பையை முதலில் வீட்டிலேயே திறந்து பார்க்கலாம்.

பெரியவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாதபோது அலமாரியைக் கிளறினால் அது சோதனை போடுவது போல ஆகிவிடும், அப்புறம் எதையும் காட்ட மாட்டார். மருந்து டப்பா மட்டும் போதாது. தலையணை அடி, கைப்பை, சட்டைப் பை, பூஜை அலமாரி, ஃபிரிட்ஜ் கதவு எல்லாம் சேர்த்து. இருமல் சிரப், டானிக், வலிக்குப் பூசும் தைலம், நாட்டு மருந்து, சீட்டில்லாமல் வாங்கிய சளி மாத்திரை, விட்டமின் என்று ஒன்றையும் விட வேண்டாம். சில சிரப்களிலும் டானிக்குகளிலும் மதுச்சத்தே இருக்கும். லேபிளில் அளவு போட்டிருப்பார்கள்.

இப்போது ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் திருப்புங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் உள்ளே இருக்கும் மருந்து. வெள்ளி நிறத்தில் ஒரு அட்டை, நீல நிறத்தில் ஒரு அட்டை, இரண்டும் வேறு பெயர், ஒன்று இதய டாக்டர் கொடுத்தது, மற்றது குடும்ப டாக்டர் கொடுத்தது. இரண்டின் பின்பக்கத்திலும் அல்பிரசோலம் என்ற ஒரே பதற்ற மருந்தின் பெயர் இருக்கும். பெரியவர் இரண்டையும் ஒழுங்காக, சொன்னபடி, தினமும் போட்டுக்கொண்டிருப்பார். அவர்மீது ஒரு தப்பும் இல்லை.

எழுத வேண்டியவை: மருந்தின் உட்பெயர், எத்தனை மில்லிகிராம், சீட்டில் சொன்ன வேளை, உண்மையில் போடும் வேளை, யார் எழுதியது, எப்போதிலிருந்து, எதற்காக. "எதற்காக" என்ற கட்டம் காலியாக நிற்கும் மருந்துகளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அவற்றைப் பற்றித்தான். பத்து வருடத்துக்கு முன் ஆபரேஷன் சமயத்தில் "ஒரு வாரத்துக்கு" என்று கொடுத்த தூக்க மாத்திரை இன்றும் ஓடிக்கொண்டிருப்பது அபூர்வமான விஷயம் இல்லை. காலாவதியானவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்றவை இப்போதைக்கு இருந்த இடத்துக்கே போகட்டும்.

நான்காவது படி: குடியை எண்ணாக மாற்றுங்கள்

"கொஞ்சமா", "எப்பவாவது", "ஒரு கிளாஸ்" என்பதெல்லாம் அளவே இல்லை. கிளாஸ் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து அது 30 மில்லியும் ஆகலாம், 120 மில்லியும் ஆகலாம். அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் டம்ளரில் வழக்கமாக ஊற்றும் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதை ஒரு அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கணக்கு எளிது. மில்லி × சதவீதம் ÷ 100 × 0.79. இதுதான் கிராமில் வரும் சுத்த ஆல்கஹால். 40 சதவீத பிராந்தியோ விஸ்கியோ 30 மில்லி என்றால் ஏறத்தாழ 9.5 கிராம். 5 சதவீத பீர் 330 மில்லியில் 13 கிராம். 12 சதவீத ஒயின் 150 மில்லியில் 14 கிராம். தண்ணீரோ சோடாவோ கலந்தால் கிராம் குறையாது.

வரம்பு என்ன என்று கேட்டால், 65 வயதுக்கு மேல், ஆரோக்கியமாக, எந்த மருந்தும் எடுக்காதவர்களுக்கு வாரத்துக்கு 7 பானங்கள், ஒரே நாளில் 3-க்கு மேல் இல்லை என்பது அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம் நீண்ட காலம் சொல்லிவந்த கணக்கு. அங்கே ஒரு பானம் என்றால் 14 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது இல்லை என்றே சொல்லிவிட்டது. என் கருத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த விவாதமே தேவையில்லை. "எந்த மருந்தும் எடுக்காதவர்" என்ற நிபந்தனையிலேயே நம் வீட்டுப் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளியே வந்துவிடுவார்கள்.

ஐந்தாவது படி: இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இப்போது எந்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், கீழே உள்ள கூட்டங்களைத் தெரிந்துவைத்தால் போதும்.

மிக ஆபத்தானது மயக்கத்தை ஆழப்படுத்தும் கூட்டம். டயஸிபாம், அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம், சோல்பிடெம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் ஒருபக்கம். டிரமடால், கோடீன், மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் இன்னொரு பக்கம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், பிரிகாபலினையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்றோடு மது சேர்ந்தாலே மூச்சு மந்தமாகும். இரண்டோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். தூக்க மாத்திரையும் ஓபியாய்டு (டிரமடால், கோடீன், மார்ஃபின் வகை) வலி மருந்தும் சேர்வது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இலேயே தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. அதில் மது இல்லாமலேயே அந்த நிலை.

அடுத்தது சுகர் மருந்து. இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். வேர்வை, உளறல், தள்ளாட்டம் என்று பார்ப்பதற்கு அசல் போதை மாதிரியே இருக்கும். "போட்டுட்டுப் படுத்திருக்கார், விடு" என்று விட்டுவிடுவதில்தான் விபரீதம். போதை என்று முடிவு கட்டும் முன் குளுக்கோமீட்டரை எடுத்து ஒரு குத்து குத்திப் பாருங்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயமும் உண்டு.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு மது அந்த மருந்தின் வேலையை ஏற்றி இறக்கிவிடும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எடுப்பவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு. பாராசிட்டமால் சாது மருந்துதான், ஆனால் தினமும் குடிப்பவரின் கல்லீரலுக்கு அது சாது இல்லை. அவருக்கு எவ்வளவு வரை போடலாம் என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். பிரஷர் மாத்திரை, நெஞ்சுவலிக்கான நைட்ரேட், புரோஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் எடுப்பவர்கள் குடித்தபின் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கி விழுவார்கள். நள்ளிரவில் பாத்ரூம் போகும்போது நடக்கும் விழுதல்களில் இதற்கு நல்ல பங்கு உண்டு.

சளி மாத்திரையை மறந்துவிடாதீர்கள். குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் மாதிரியானவை பெரியவர்களுக்குக் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் கொண்டுவரும். 65 வயதுக்கு மேல் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பீர்ஸ் பட்டியல் 1991-இல் வந்தது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-இலும் அதைப் புதுப்பித்தது. அதில் தூக்க மாத்திரைகளோடு இந்தச் சாதாரண சளி மாத்திரைகளும் இருக்கின்றன.

ஆறாவது படி: பேசுங்கள், ஆனால் காலையில்

குடித்திருக்கும்போது பேசினால் அது சண்டை. குடும்பமே வட்டமாக உட்கார்ந்து பேசினால் அது பஞ்சாயத்து. காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவருக்குப் பிடித்த ஒருவர் மட்டும் பேசட்டும். குணத்தைப் பற்றிப் பேசாமல் நடந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். இப்படித் தொடங்கலாம்:

"அப்பா, போன வாரம் ரெண்டு தடவை விழுந்துட்டீங்க. எனக்கு பயமா இருக்கு. போடுற மாத்திரை எதுவும் ஒத்துக்காம இருக்கான்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை பார்த்துடலாமா?"

"அதான் தினம் குடிக்கிறேன்னு சொல்ல வர்றியா?"

"இல்லப்பா. ராத்திரி மாத்திரையும் அதுவும் சேர்ந்தா தலை சுத்துமாம். எவ்வளவுன்னு சரியா சொன்னாதான் அவர் மாத்திரையை மாத்திக் கொடுக்க முடியும்."

இதில் குற்றம் மாத்திரை மேல் விழுகிறது, மனிதர் மேல் விழவில்லை. ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு வழி கிடைக்கிறது. "குடிகாரர்", "அடிமை" என்ற சொற்களை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்ற காலம் அவருக்கு நினைவிருக்கும்.

தூக்க மாத்திரை விஷயத்தில் பேச்சு இதைவிடக் கடினம். அதை டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார், அதனால் அதில் தப்பே இல்லை என்ற நம்பிக்கை. "தூக்கம் வரலைன்னா ராத்திரி முழுக்க நீ வந்து என்கூட உட்கார்ந்திருப்பியா?" என்று அம்மா கேட்டால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று சொல்கிறார். "எத்தனை மணிக்கு முழிப்பு வருது? அப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து ஓடும்.

மறுத்தால் விட்டுவிடுங்கள், வேறு நாள் வேறு நிகழ்வைப் பிடித்துக்கொண்டு திரும்பப் பேசலாம். இதற்கிடையில் "இந்த வயசுல அவருக்கு இருக்குற ஒரே சந்தோஷம் அதுதானே" என்று பாட்டில் வாங்கிக்கொடுப்பவர் வீட்டில் யாராவது இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள். அன்பாகத்தான் செய்கிறார். ஆனால் முதல் படியில் சொன்ன கணக்கு அவருக்குத் தெரியாது.

ஏழாவது படி: திடீரென்று நிறுத்தாதீர்கள்

நல்லெண்ணத்தில் குடும்பங்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவரின் மூளை மதுவின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை முறுக்கி வைத்திருக்கும். மது ஒரே நாளில் நின்றால் அந்த முறுக்கு அவிழ்ந்து அடிக்கும். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வேர்வை, படபடப்பு, வாந்தி. முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாத பூச்சி ஊர்வது, இல்லாத ஆள் நிற்பது என்று தோன்றும். இந்தக் கடைசி நிலைக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம்.

முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், தூக்க மாத்திரையும் சேர்த்து எடுப்பவர், இதய நோய் உள்ளவர், தனியாக வசிப்பவர், காலையிலேயே நடுக்கத்தை அடக்கக் குடிப்பவர் ஆகியோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். அங்கே தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அதிகம் குடிப்பவர்களுக்கு அது பெரும்பாலும் பற்றாக்குறையாக இருக்கும். பி1 போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். எனவே வீட்டுக்கு ஆள் வரவழைத்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிச் சரிசெய்யும் வேலை வேண்டவே வேண்டாம்.

வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேரும்போது இது இன்னும் முக்கியம். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடக்கிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் டியூபைப் பிடுங்குகிறார், யார் யாரையோ கூப்பிடுகிறார். எல்லாரும் மயக்க மருந்து என்கிறார்கள், வயது என்கிறார்கள். அவர் தினமும் குடித்துவந்தார் என்பதை வெட்கப்பட்டு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பு மயக்க டாக்டர் கேட்கும்போது குடியையும் தூக்க மாத்திரையையும் அளவோடு சொல்லுங்கள். பெரியவர் முன்னால் சொல்ல முடியாவிட்டால் வெளியே வந்து நர்ஸிடமாவது சொல்லிவிடுங்கள்.

தூக்க மாத்திரைக்கும் இதே விதிதான். மாதக்கணக்கில் போட்டவர் சட்டென்று விட்டால் தூக்கமின்மை, பதற்றம், சிலருக்கு வலிப்பு. 2025-இல் அமெரிக்காவின் அடிமைநோய் மருத்துவச் சங்கமும் பல அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிமுறை, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதிலிருந்து தொடங்கச் சொல்கிறது. வருடக்கணக்கான பழக்கத்தை விட மாதக்கணக்கில் ஆகும் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவசரம் இல்லை என்று தெரிந்தாலே பாதி எதிர்ப்பு போய்விடும்.

பெரியவர்களால் முடியாது என்று நினைக்க வேண்டாம். கனடாவின் கியூபெக்கில் நடந்து 2014-இல் வெளியான எம்பவர் ஆய்வில், நீண்ட நாள் தூக்க மாத்திரை போட்டுவந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதன் தீமையையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். கையேடு கிடைக்காத குழுவில் 5 சதவீதம்.

எட்டாவது படி: டாக்டரிடம் என்ன கேட்பது

மூன்றாவது, நான்காவது படியில் எழுதிய தாளை எடுத்துப் போங்கள். பல டாக்டர்கள் இருந்தால், எல்லா மருந்தையும் ஒருவர் மொத்தமாகப் பார்த்துச் சொல்லட்டும். முதியோர் மருத்துவர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் குடும்ப டாக்டர். பெரியவர் வர மறுத்தால் விஷயத்தை ஒரு பக்கத்தில் எழுதி நீங்கள் மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அவரைப் பற்றி டாக்டர் உங்களிடம் பேசத் தயங்கலாம், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வார்.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இந்த மருந்து இன்னும் தேவையா? எதை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம், எந்த வரிசையில்? கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன? வீட்டில் வைத்துக் குடியை நிறுத்துவது இவருக்குப் பாதுகாப்பா? மறதி தெரிகிறது என்றால் அதன் பரிசோதனையைக் குடி நின்று சில வாரம் கழித்துச் செய்யலாமா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மருந்தும் மதுவும் உண்டாக்கிய குழப்பத்துக்கு டிமென்ஷியா (மறதி நோய்) என்று பெயர் விழுந்துவிட்டால் அதை எடுப்பது கஷ்டம்.

பெரியவர்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஸ்மாஸ்ட்-ஜி என்ற பத்துக் கேள்வி உண்டு. குடித்தபின் சாப்பிடாமல் விட்டுவிடுகிறீர்களா, நெருங்கியவரை இழந்தபின் குடி கூடியதா, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்வதுண்டா என்ற மாதிரியான கேள்விகள். இரண்டுக்கு "ஆம்" வந்தாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். டாக்டரின் ஒரு சிறு பேச்சுக்கே நல்ல பலன் உண்டு. விஸ்கான்சினில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 1999-இல் வெளியான ஆய்வில், டாக்டர் பத்துப் பதினைந்து நிமிடம் இரண்டு முறை பேசியதற்கே குடியின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோனை டிரமடால் போன்ற வலி மருந்தோடு கொடுக்க முடியாது. அகாம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். டைசல்ஃபிராம் என்பது, அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் மருந்து. பெரியவர்களின் இதயத்துக்கு அது தாங்காமல் போகலாம். "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடிகளை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இதய நோயாளிக்கு அவர் அறியாமல் இப்படி ஒரு மருந்தைக் கொடுப்பது கொலைக்குச் சமம்.

ஒன்பதாவது படி: காலியாகும் நேரத்தை நிரப்புங்கள்

மாலை ஏழு மணி பெக் போனால் ஏழு மணி அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் ஒரு போன், ஒரு நடை, ஒரு ஆள் வருகை என்று ஏதாவது ஒன்று நிலையாக இருக்க வேண்டும். காலையில் எவ்வளவு நேரம் கூட இருந்தாலும் அது ஏழு மணிக்கு ஈடாகாது.

வலி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். மூட்டுவலிக்குச் சரியான சிகிச்சை இல்லாததால் குடிக்கிறவர்களிடம் உபதேசம் பலிக்காது. தூக்கத்துக்கு மருந்தில்லாத முறைகளே முதல் சிகிச்சை. எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருவது, கண் சொக்கியதும் திரும்பப் படுப்பது. எட்டரைக்குப் படுத்தவர் இரண்டரைக்கு எழுந்தால் அவர் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டார். அதற்கு மாத்திரை தேவையில்லை, படுக்கும் நேரத்தைத் தள்ளினால் போதும். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும் என்பது உண்மைதான், ஆனால் பின்னிரவில் அதே குடிதான் எழுப்பிவிடும்.

மாத்திரைகளுக்கு வாரக் கட்டங்கள் உள்ள டப்பா வாங்குங்கள். மறதி உள்ளவர் என்றால் டப்பாவை நிரப்புபவரும் மீதியைப் பூட்டிவைப்பவரும் நீங்களாக இருங்கள். வண்டிச் சாவியைப் பற்றியும் முடிவெடுங்கள். மாத்திரை குறையும் மாதங்களில் ஓட்ட வேண்டாம்.

நடுவில் ஒருநாள் பழையபடி ஆகும். அன்று ஒன்றும் சொல்லாதீர்கள். மறுநாள் காலையில் என்ன நடந்தது, யார் வந்தார்கள், எது நினைவுக்கு வந்தது என்று மட்டும் கேளுங்கள். இறந்துபோன துணையின் நினைவு நாளாக இருந்திருக்கும். அடுத்த வருடம் அந்தத் தேதியில் யாராவது கூட இருக்கலாம்.

துக்கம், குடி, கையில் நிறைய மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் தற்கொலை அபாயம் உண்டு. "நான் இருந்து என்ன", "எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு வந்தால் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை எடுத்துவிடுங்கள், அன்றே டாக்டரிடம் போங்கள்.

பத்தாவது படி: எப்போது ஓட வேண்டும்

எழுப்பினால் எழவில்லை, குறட்டை கரகரவென்று விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விடாமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வலிப்பு, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், இல்லாததைப் பார்ப்பது, குடியை விட்ட முதல் வாரத்தில் காய்ச்சலோடு குழப்பம், எல்லாவற்றுக்கும் இதே அவசரம். தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவராக இருந்தால் நன்றாகப் பேசினாலும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து சில வாரம் கழித்தும் குழப்பமாக வெளிப்படும்.

கையோடு அந்தத் தாளை எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது குடித்தார், எந்த மாத்திரை எத்தனை போட்டார் என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடிந்தால் சிகிச்சையே மாறும். தாளின் ஒரு நகலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள், ஒரு படம் உங்கள் போனிலும் இருக்கட்டும். மருந்து மாறும்போதெல்லாம் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள்.

இன்னொரு தாளும் எழுத வேண்டியிருக்கும். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் இரவில் தூக்கம் இருக்காது. அவரும் ஏதோ ஒரு அட்டையிலிருந்து பாதி மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம், பெரும்பாலும் அப்பாவின் அட்டையிலிருந்தே. மேஜையில் கொட்டும்போது அவருடைய பையையும் சேர்த்துக் கொட்டச் சொல்லுங்கள்.